முடிவு தெரிந்த கூத்தை ஏன் விடியவிடியப் பார்க்கிறோம்?

காத்தவராயன் கூத்தைப் பற்றி வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "காத்தவராயன் கடைசியில கழுமரம் ஏறுவான் எண்டு சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பிறகேன் சனம் நித்திரை முழிச்சு இருந்து பார்க்குது?"

இதற்கான விடை 1944இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் தொடங்குகிறது. பிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற உளவியலாளர்கள் ஒரு குறும்படம் செய்தார்கள். பேச்சில்லை, முகமில்லை. ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டம், கதவுள்ள ஒரு பெட்டி, அவ்வளவுதான். பார்த்தவர்களிடம் என்ன நடந்தது என்று எழுதச் சொன்னபோது, பெரியவன் முரடன், வட்டம் பயந்து வீட்டுக்குள் ஒளிகிறது என்ற மாதிரி எழுதினார்கள். முதற்குழுவின் 34 பேரில் வெறும் வடிவங்களின் அசைவாகவே விவரித்தவர் ஒரேயொருவர்.

என்னைச் சொக்கவைப்பது இதன் சூட்சுமம். உருட்டிவிட்ட கல் மதிலில் முட்டினால் நின்றுவிடும். மதிலைச் சுற்றிக்கொண்டு, முதலில் போகப் பார்த்த இடத்துக்கே போய்ச்சேரும் ஒன்றைக் கண்டால், 'இதுக்கு ஏதோ வேணும்' என்று மூளை உடனே தீர்மானித்துவிடும். இப்படி அசையும் முக்கோணங்களைக் காட்டி மூளையை ஸ்கான் செய்து பார்த்திருக்கிறார்கள். காதுக்கு மேலே, சற்றுப் பின்பக்கமாக உள்ள பகுதி கூடுதலாக இயங்கியது. பிறர் மனதில் இருப்பதை நாம் ஊகிக்கும்போதும் அந்தப் பகுதிதான் வேலைசெய்கிறது. ஆக, மறிக்க ஒரு மதில் வேண்டும். அது இல்லாமல் ஆசை கண்ணுக்குத் தெரியாது.

காத்தவராயனுக்கு ஆரியமாலை மேல் ஆசை. தாய் முத்துமாரி மறிக்கிறாள். அவள் மறிக்காவிட்டால் அந்த ஆசையின் ஆழத்தை எதைக்கொண்டு அளப்பது? சிந்துநடையில் ஆடிவந்து அவன் தாயிடம் கெஞ்சும்போது, 'இனி என்ன செய்வான்' என்றுதான் சனத்தின் மனம் ஓடுகிறது. கழுமரம் அப்போது யாருடைய நினைவிலும் இல்லை.

2010இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஊரி ஹாசனின் குழு, கதை சொல்பவரின் மூளையையும் கேட்பவர்களின் மூளையையும் ஸ்கான் செய்து ஒப்பிட்டது. கேட்பவரின் மூளை சில விநாடிகள் பிந்தி, சொல்பவரின் மூளையைப் பின்தொடர்ந்தது. சில பகுதிகளிலோ முந்திக்கொண்டு ஓடியது! அப்படி முந்தியவர்களே கதையை நன்றாக விளங்கியிருந்தார்கள். அந்த ஓட்டம் அடுத்த சில விநாடிகளைப் பற்றியது. அதனால்தான், விடியப்புறம் வரும் முடிவைத் தெரிந்திருந்தாலும் அது குலைவதில்லை என்பது என் கணிப்பு.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடமும் இருக்கிறது, அரங்கக் கலை படிப்பவர்களும் இருக்கிறார்கள். இரு பகுதியும் சேர்ந்து, கூத்துப் பார்ப்பவர்களின் இதயத்துடிப்பை ஓர் இரவு முழுக்க அளந்து பார்க்க வேண்டும். பெரிய செலவில்லை; கையில் கட்டும் கருவிகளே போதும். கூத்துப் பழக்கும் அண்ணாவியார்மார் இருக்கும்போதே இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும்.