எண்ணெயின் வேலையைக் காலுக்கு மாற்றுவது

ஹூஸ்டனில் இருக்கும் என் சித்தி மகன் 1990ஆம் வருடத்து ஃபோர்டு எஃப்-150 பிக்கப் ஒன்று வாங்கினான். 5 லிட்டர் வி8 எஞ்சின், நான்கு வேக ஆட்டோமேட்டிக் கியர். ஆறு மாதத்தில் கியர்பாக்ஸ் வழுக்க ஆரம்பித்துவிட்டது. “அதைத் தூக்கிப் போட்டுட்டு மேனுவல் மாட்டிடலாமாண்ணா? நம்ம பாய்கிட்ட கேட்டுச் சொல்லு” என்றான். வேலூரில் நான் வழக்கமாக வண்டி விடும் ஷெட்டுக்குப் போய்க் கேட்டேன். பாய் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “கியர்பாக்ஸ மாத்தறது ஒரு நாள் வேலப்பா. மத்ததுக்குத்தான் ஒரு வாரம் ஆவும்.”

அந்த ‘மத்தது’ என்னவென்று பார்க்கலாம்.

வேலூர் கிரீன் சர்க்கிள் சிக்னலில் வண்டி நிற்கிறது. சக்கரம் சுற்றவில்லை. எஞ்சினோ நிமிடத்துக்கு 700 சுற்றாவது சுற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் அணைந்துவிடும். சுற்றும் ஒன்றையும் நிற்கும் ஒன்றையும் எப்படி இணைப்பது? மேனுவல் வண்டி உராய்வை நம்புகிறது, ஆட்டோமேட்டிக் எண்ணெயை நம்புகிறது.

அண்டா நிறையத் தண்ணீர் வைத்துக் கையால் வேகமாகச் சுழற்றுங்கள். மேலே மிதக்கும் சொம்பு தானும் சுற்றும். கை சொம்பைத் தொடவே இல்லை. ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் டார்க் கன்வர்ட்டரில் நடப்பதும் இதுதான். எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் இறக்கைகள் எண்ணெயை வீசுகின்றன, அந்த எண்ணெய் எதிரே இருக்கும் இறக்கைகளைத் தள்ளுகிறது. சிக்னலில் பிரேக்கை மிதித்திருந்தால் எதிர்ப்பக்கம் நிற்கும், எண்ணெய் மட்டும் வழுக்கிக்கொண்டிருக்கும். நடுவில் மூன்றாவதாக ஒரு சிறிய இறக்கைச் சக்கரம் உண்டு, ஸ்டேட்டர். தள்ளிவிட்டுத் திரும்பும் எண்ணெய் எஞ்சினுக்கு எதிர்த்திசையில் வராமல் அதைத் திருப்பி அனுப்புவதே இதன் வேலை. இதனால் வண்டி கிளம்பும் நேரத்தில் முறுக்குவிசை ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1905இல் காப்புரிமை வாங்கியது கப்பலுக்காக. காருக்கு வந்தது பல பத்தாண்டுகள் கழித்து.

கன்வர்ட்டருக்குப் பின்னால் கோள் பல்சக்கரங்கள் இருக்கின்றன. நடுவில் சூரியச் சக்கரம், அதைச் சுற்றிக் கோள் சக்கரங்கள், வெளியே வளையம். இவற்றில் ஒன்றை அசையாமல் பிடித்தால் ஒரு கியர், இன்னொன்றைப் பிடித்தால் வேறு கியர். பிடிப்பதும் விடுவதும் எண்ணெய் அழுத்தம்தான். இந்த எண்ணெய் வழுக்கும்போதெல்லாம் சூடாகும் என்பதால், ஆறுவதற்காக ரேடியேட்டர் வரை இரண்டு குழாய்கள் போகும்.

மேனுவலில் இந்தப் பாடெல்லாம் கிடையாது. எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலுக்கும், அதை நோக்கி அழுத்தும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே கிளட்ச் பிளேட் நசுங்கிக் கிடக்கும். பெடலை மிதித்தால் பிடி தளரும். அரை கிளட்ச்சில் வண்டி மெல்ல நகர்வது முழுக்க உராய்வின் தயவு.

இனி மாற்றும் வேலை. ஆட்டோமேட்டிக் எஞ்சினின் பின்புறம் கனமான ஃப்ளைவீல் இருக்காது, தகடு மாதிரி மெல்லிய தட்டு ஒன்றுதான் இருக்கும். எண்ணெய் நிறைந்த கன்வர்ட்டரே போதுமான கனம் என்பதால் அப்படி. அதைக் கழற்றி ஃப்ளைவீல் போட வேண்டும். போடுகிற ஃப்ளைவீல் எது என்பதில்தான் பலர் ஏமாறுவார்கள். ஃபோர்டின் இந்த வி8, பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் சமநிலையில் ஒரு பங்கை வெளியே இருக்கும் ஃப்ளைவீலிடம் ஒப்படைத்திருக்கிறது. 1980களின் தொடக்கம் வரை அந்த ஈடுகட்டும் அளவு 28 அவுன்ஸ்-அங்குலம், பிறகு 50. இரண்டும் போல்ட்டில் கச்சிதமாகப் பொருந்தும். தப்பானதை மாட்டினால் வண்டி ஓடவும் செய்யும், ஆனால் எஞ்சின் ஜுரம் வந்தவன் போல் நடுங்கும், பேரிங்குகள் சீக்கிரம் போய்விடும். மாட்டும்போது எதுவும் தடுக்காத தப்புதான் மோசமான தப்பு.

கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் விரல்நுனி அளவு ஒரு சின்ன பேரிங்கும் வேண்டும், பைலட் பேரிங். கியர்பாக்ஸிலிருந்து நீளும் ஷாஃப்டின் நுனி அதில் போய் உட்காரும். ஆட்டோமேட்டிக்கில் இதற்கு வேலையே இல்லை என்பதால் அது அங்கே இருக்காது.

அடுத்தது பெடல். எஃப்-150க்குப் பொருந்துவது மாஸ்டா செய்த ஐந்து வேக கியர்பாக்ஸ். பெடலை மிதித்தால் அதன் கிளட்ச்சைத் தள்ளும் சிலிண்டர், கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் என்ற கூட்டுக்கு உள்ளேயே இருக்கிறது. பின்னால் அது ஒழுகினால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். “நல்லாதான் கீதேன்னு பழச மாட்டிடாத, புதுசு போடு” என்று பாய் சொல்லி அனுப்பியது இதற்காகத்தான்.

புது கியர்பாக்ஸின் நீளம் வேறு என்பதால், அங்கிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டையும் அளந்து மாற்ற வேண்டும். குறைந்தால் கழன்று விழும், கூடினால் மேட்டில் இறங்கும்போது முட்டும்.

எனக்குப் பிடித்த இடம் பல் விகிதம், அதாவது கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்ற உள்ளே எத்தனை சுற்று வேண்டும் என்பது. பழைய ஆட்டோமேட்டிக்கின் முதல் கியர் 2.40. மாஸ்டாவின் முதல் கியர் 3.90. ஏன் இவ்வளவு வித்தியாசம்? அங்கே எண்ணெய் இரண்டு மடங்காக்கித் தருகிறது, 2.40 கிட்டத்தட்ட 4.8 ஆகிவிடும். கிளட்ச் எதையும் பெருக்காது, வந்ததை அப்படியே கொடுக்கும். குறைந்ததைப் பல்லே ஈடுகட்ட வேண்டும். கடைசி கியரில் கதை தலைகீழ். ஆட்டோமேட்டிக்கில் 0.67, மேனுவலில் 0.80. பின் ஆக்ஸில் விகிதம் 3.55 என்றும் டயரின் சுற்றளவு 2.3 மீட்டர் என்றும் வைத்துக் கணக்குப் போட்டேன். 100 கிலோமீட்டர் வேகத்தில் முன்பு எஞ்சின் நிமிடத்துக்கு 1,720 சுற்று, இனி 2,060. நெடுஞ்சாலையில் எஞ்சின் சத்தம் கூடத்தான் செய்யும். மேனுவல் என்றாலே பெட்ரோல் மிச்சம் என்று நம்புகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் லாபம் எங்கே? ஏலகிரியில் இருக்கிறது. (2019இல் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது, எங்களுக்கு இன்னும் வடாற்காடுதான்.) பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் லோடோடு இறங்கும் டிரைவர், இரண்டாவது கியரில் போட்டு எஞ்சினையே பிரேக்காக்குவார். சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவே வழுக்கல் இல்லை என்பதால் பிடி இறுக்கமாக இருக்கும். அந்தப் பிடிக்காக என்றால் மாற்றலாம். ஹூஸ்டனோ உள்ளங்கை மாதிரி தட்டையான ஊர், டிராஃபிக் வேறு. பழைய ஆட்டோமேட்டிக்கையே பழுது பார்த்தால் செலவு குறையும் என்று அவனுக்கு எழுதினேன். கேட்கவில்லை. இங்கேயானால் வண்டியை இஷ்டத்துக்கு மாற்றி அமைக்கக் கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் காட்டியாவது தடுத்திருப்பேன்.

எல்லாம் மாட்டி முடித்த இரவு போன் செய்தான். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டரில் சத்தமே இல்லையாம். பேட்டரி புதுசு. பாயிடம் போனைக் கொடுத்தேன். ஆட்டோமேட்டிக் வண்டியில் லீவர் பார்க்கிலோ நியூட்ரலிலோ இருந்தால்தான் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகும், அதற்கென்று கியர்பாக்ஸிலேயே ஒரு சுவிட்ச் இருக்கும். அந்த கியர்பாக்ஸ் இப்போது அவன் வீட்டுத் தோட்டத்தில் கிடக்கிறது. ஒயரின் இரு முனைகளும் அந்தரத்தில் தொங்குகின்றன.

“ரெண்டையும் கிளட்ச் பெடல் சுவிட்ச்ல குடுப்பா. சும்மா முறுக்கி வுட்டுடாத, கியர்ல இருக்கச்சொல்ல எவனாச்சும் சாவியத் திருப்பினா வண்டி செவுத்துல ஏறிடும்.”

இருபது நிமிடம் கழித்து போனில் வி8 உறுமும் சத்தம் கேட்டது. முதல் கியர் போட்டான். உடனே அணைந்தது. பாய் சிரித்துக்கொண்டே என்னிடம் திரும்பினார்: “இனிமே எண்ண இல்லன்னு காலுக்கு இன்னும் தெரியல.”