கணவருக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும்

ஆறு மாதக் கர்ப்பிணி. ஹீமோகுளோபின் 9.6. 11-க்குக் குறைந்தாலே ரத்தசோகைதான். கூட வந்த மாமியார், "மாத்திரைய ஒழுங்கா திங்கமாட்டா டாக்டரே, கட்டஞ்சாயாவ குடிச்சிட்டே இருப்பா" என்றார். அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் பைக்குள் கைவிட்டு, காலி மாத்திரை அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தாள். ஒன்பது அட்டை. ஒரு மாத்திரைகூட மிச்சமில்லை.

விடை அவளுடைய பழைய ரிப்போர்ட்டிலேயே இருந்தது. சிவப்பணுவின் அளவைச் சொல்லும் எம்.சி.வி. 60, அது 80-க்கு மேல் இருக்க வேண்டும். எண்ணிக்கையோ 52 லட்சம். அணு இவ்வளவு சிறுத்தும் எண்ணிக்கை குறையவில்லை என்றால் தலசீமியா, அதாவது ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரைக் குறை, அதன் கேரியரா என்று பார்த்தாக வேண்டும். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் எச்.பி.எல்.சி. பரிசோதனை அதை உறுதி செய்தது. மூன்று மாதமாக அந்த 60 யார் கண்ணிலும் படவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றவில்லை.

உடனே வரும் கேள்வி: "எங்க குடும்பத்துல யாருக்கும் இந்த வியாதி கிடையாதே?" கிடையாதுதான். கேரியர் என்பது வியாதியே இல்லை. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று வரும் மரபணுக்களில் ஒன்றில் மட்டும் குறை. உங்கள் பாட்டி அதோடு ஆறு பிள்ளை பெற்று எண்பது வயது வரை இருந்திருக்கலாம். கணவரும் கேரியர் என்றால்தான் ஆபத்து. அப்போது ஒவ்வொரு கர்ப்பத்திலும், நான்கில் ஒரு வாய்ப்பு, குழந்தைக்குத் தலசீமியா மேஜர் வரலாம். சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். மூத்த பிள்ளை நன்றாக இருக்கிறதே என்பது அடுத்ததற்கு உத்தரவாதம் இல்லை. அத்தை மகன், மாமன் மகன் என்றால் இன்னும் கவனம். ஒரே தாத்தாவின் மரபணு இரு பக்கமும் வந்திருக்கலாம்.

இவளுடைய கணவர் சவூதியில். குமரி மாவட்டத்து மீனவ ஊரான தூத்தூர் பக்கம் என்றால் ஆழ்கடலுக்குப் போன ஆள் திரும்ப வாரக்கணக்காகும். அதனால் கெஞ்சிக் கேட்கிறேன்: நாள் தள்ளியதும் மனைவியைக் கூட்டி வாருங்கள், கேரியர் என்று தெரிந்தால் ஊரைவிட்டுக் கிளம்பும் முன் நீங்களும் ரத்தம் கொடுங்கள். இருவரும் கேரியர் என்றால் 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்தோ, 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்தோ குழந்தையின் நிலையை அறியலாம். ஆறாம் மாதம் வந்தால் யோசிக்கவே நேரம் இருக்காது.

அப்புறம், கேரியர் என்றதும் இரும்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கேரியருக்கும் இரும்புச் சத்து குறையலாம். உடம்பில் இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்து நாங்கள் சொல்கிறோம். இரும்பு மாத்திரையோடு கால்சியம் மாத்திரையைச் சேர்த்துப் போடாதீர்கள். சாயாவுக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையால் மலம் கறுத்தால் பயப்பட வேண்டாம்.

மாமியார்மாரே, மருமகளைத் திட்டும் முன் அந்த ரிப்போர்ட்டை ஒருமுறை எங்களிடம் காட்டுங்கள்.