பிள்ளை பார்க்கிற அக்காவுக்கு "அப்படியே" வந்து சேரும் வேலைகள்

மாலை நான்கு மணி இருக்கும். கிளினிக்கில் கூட்டம் குறைந்து, தாதியான நான் (இங்கே எல்லாருக்கும் "மிஸ்ஸி") பதிவு எழுதிக்கொண்டிருந்தேன். 14 மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓர் அம்மா காலில் செருப்புகூட இல்லாமல் ஓடி வந்தார். குழந்தையின் கையிலும் மார்பிலும் கொதிக்கிற பருப்பு கொட்டியிருந்தது. எரிச்சல் அடங்கட்டும் என்று அதன்மேல் கிச்சாப் (சோயா சாஸ்) தடவியிருந்தார். புண் எவ்வளவு ஆழம் என்று பார்ப்பதற்கே முதலில் அந்தக் கறுப்பைக் கழுவ வேண்டியிருந்தது.

அவர் பெற்ற தாய் இல்லை. பக்கத்துத் தாமானிலிருந்து (வீடமைப்புப் பகுதி) வந்து பிள்ளை பார்க்கிறவர். பெற்றவருக்கு ஈப்போ பக்கம் தொழிற்சாலையில் வேலை. குழந்தையைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். சில நாள் கழித்துக் கட்டு மாற்ற இருவரும் சேர்ந்து வந்தார்கள். தாய்க்குக் கோபம் அடங்கவில்லை. "பிள்ளையைப் பார்க்கத்தானே மிஸ்ஸி சம்பளம் கொடுக்கிறேன்? அதையும் ஒழுங்கா பார்க்கலைன்னா எப்படி?" என்றார். அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. நான் ஒன்றுதான் கேட்டேன். "அன்னிக்கு அடுப்புல இருந்த பருப்பு யாருக்கு?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு தாய்தான் சொன்னார்: "எங்களுக்கு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு."

மலேசியாவில், ஈப்போவுக்கு வடக்கே உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நான் 22 வருடமாகச் சமூகத் தாதி. ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரம் (ரப்பர்), இப்போது எங்கு பார்த்தாலும் செம்பனை. தோட்டத்து லயங்களைவிட்டு வந்தவர்களின் பிள்ளைகள் இன்று தாமான் வீடுகளில் இருக்கிறார்கள். விடியுமுன் தொழிற்சாலை பஸ் ஏறுகிறார்கள். 2023 ஜனவரியிலிருந்து தனியார் துறையில் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. பெரிய உதவிதான். ஆனாலும் 98 நாள் என்பது மூன்று மாதமும் ஒரு வாரமும்தான். ஊசி போடும் மேசையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அது நன்றாகவே தெரியும். இரண்டாம் மாத ஊசிக்கும் மூன்றாம் மாத ஊசிக்கும் தாய் வருவார். ஐந்தாம் மாத ஊசிக்குப் பல வீடுகளிலிருந்து பிள்ளை பார்க்கிற அக்காதான் வருவார்.

அந்த அக்காக்களையும் எனக்குத் தெரியும். பெரும்பாலும் ஐம்பது தாண்டியவர்கள். இரத்த அழுத்தத்துக்கும் இனிப்பு நீருக்கும் (நீரிழிவு) மாத்திரை வாங்க இதே கிளினிக்குக்கு வருகிறவர்கள். அதனால் இரண்டு பக்கத்துப் பேச்சும் என் காதில் விழுகிறது.

முதல் நாளே யாரும் "வீட்டு வேலை எல்லாம் செய்யுங்கள்" என்று சொல்வதில்லை. "அக்கா, பாத்திரம் ரெண்டு கிடக்கு, அப்படியே கழுவிடுங்க" என்றுதான் ஆரம்பிக்கும். இரண்டு வாரம் போனால் "சோறு மட்டும் அப்படியே வச்சிடுங்க". மூன்றாம் மாதத்தில் துணி மடிப்பது, வீட்டுக்கு மாப் போடுவது, இரவுக்குக் குழம்பு என்று எல்லாம் வந்துவிடும். சம்பளம் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

இதில் யாரையும் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு ஏழு மணிக்கு வீடு திரும்பும் தாய்க்கு, அடுப்பில் குழம்பு இருந்தால் எவ்வளவு ஆறுதல் என்பது எனக்குத் தெரியும். நானும் ஷிப்டு வேலை பார்த்துக்கொண்டே இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். அக்காவாலும் மறுக்க முடியாது. அவர் மாமியாருக்குத் தங்கை முறை, அல்லது கோயிலில் வாராவாரம் பார்க்கிறவர். சின்னம்மா என்று கூப்பிட்டுவிட்டுக் காசு பேச நம்மவர்களுக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தில் அகப்பட்டுக்கொள்வது குழந்தை.

அடுப்படியை விடுங்கள், மாப் போடும் வாளியைப் பாருங்கள். நடக்கப் பழகும் குழந்தைக்கு உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். வாளிக்குள் எட்டிப் பார்த்தால் தலைகுப்புற விழும், தானாக எழுந்து வரத் தெம்பு இருக்காது. உள்ளே சில சென்டிமீட்டர் தண்ணீர் இருந்தாலே போதும், மூக்கும் வாயும் மூழ்கிவிடும். விழுந்தால் சத்தம் கேட்கும், ஓடிப் போய்த் தூக்கிவிடலாம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். தண்ணீரில் முகம் புதைந்த குழந்தையால் கத்த முடியாது. நம் பக்கத்து வீடுகளில் தண்ணீர் நின்றுவிடுமோ என்று குளியலறையில் வாளி வாளியாகப் பிடித்து வைப்பது வழக்கம். அந்த வீட்டில் அக்கா பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தால், குழந்தையைப் பார்க்க ஆளே இல்லை என்றுதான் அர்த்தம்.

சத்தமில்லாத வேறு பாதிப்புகளும் உண்டு. கறி நறுக்க இரண்டு கையும் வேண்டும் என்பதால் பால் போத்தலுக்கு மடித்த துணியை முட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பால் புரையேறினால் கவனிக்க ஆள் இருக்காது. அப்புறம் கைப்பேசி. வெங்காயம் வதங்கும்வரை பிள்ளை ஓரிடத்தில் உட்கார வேண்டுமே! ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு வயதில்கூட நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று 2019-இல் உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது. ஒன்றரை வயதில் நாலு சொல்கூட வராமல் என்னிடம் வரும் குழந்தைகளின் வீட்டில் கேட்டால், பகல் முழுக்கக் கைப்பேசிதான் துணை என்பார்கள். எல்லாவற்றுக்கும் அதுவே காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவரிடம்தான் குழந்தை பேச்சைக் கற்கிறது. அந்த முகம் அடுப்பைப் பார்த்து நின்றால் குழந்தை எதைப் பார்க்கும்?

என் அம்மா பால்மரம் வெட்டியவர். இருட்டோடு பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்பு) போகும்போது என்னை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார். அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். ஓர் ஆயாவுக்கு இருபது பிள்ளைகள், எல்லார் மூக்கிலும் சளி. ஆனால் அந்த ஆயாவிடம் யாரும் "எங்கள் வீட்டுத் துணியைத் துவைத்து வை" என்று சொன்னதில்லை. பிள்ளைகளைப் பார்ப்பதே ஒரு முழு வேலை என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

சட்டப் புத்தகத்திலும் அது இருக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் வீட்டுப் பணியாளர் யார் என்று சொல்லும்போது சமையல் செய்பவர், துணி துவைப்பவர், தோட்ட வேலை செய்பவர், குழந்தையைப் பராமரிப்பவர் என்று தனித்தனியாகத்தான் எழுதுகிறது. நாம் அத்தனையையும் ஒருவர் தலையில் கட்டுகிறோம். அதே சட்டத்தின் வேலை நேரக் கட்டுப்பாடும் வார ஓய்வு நாளும் வீட்டுப் பணியாளருக்குப் பொருந்தாது. ஆகவே எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை என்பதை நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசினால்தான் உண்டு. 2021 ஜூனிலிருந்து வீட்டுப் பணியாளருக்கும் பெர்க்கேசோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பாதுகாப்பு உண்டு. உங்கள் வீட்டுக்கு வந்து வேலை செய்கிறவருக்கு அதைப் பதிவு செய்வது உங்கள் கடமை. தம் வீட்டில் வைத்துப் பார்க்கிற அக்காக்களுக்கும் ஒன்று: நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் நான்கு பேரோ அதற்கு மேலோ இருந்தால், 1984-ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூக நல இலாகாவில் பதிய வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைகள் என்றால் மூவருக்கு ஒருவர் என்பது அங்கே கணக்கு. அந்த ஒருவரின் கையில் துடைப்பம் இருந்தால் கணக்கு எங்கே நிற்கும்?

சரி, எந்த வேலையும் சொல்லவே கூடாதா? குழந்தையால் வரும் வேலை எல்லாம் அக்காவின் வேலைதான். போத்தல் கழுவிக் கொதிநீரில் போடுவது, குழந்தையின் துணி, குழந்தைக்குக் கஞ்சி, அது சிந்திய இடத்தைத் துடைப்பது. அதிலும் அடுப்பு வேலையைக் குழந்தை தூங்கும்போது முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெரியவர்களின் சாப்பாடு, துணி, தரை வேண்டாம். தூங்குகிற நேரத்தில் சும்மாதானே இருக்கிறார் என்று நினைக்காதீர்கள். 12 மணி நேர வேலையில் அவர் உட்கார்ந்து சாப்பிடுவது அந்த நேரத்தில்தான். இனிப்பு நீருக்கு மாத்திரை போட்டுக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிடாமல் கை நடுங்க என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கையில்தான் உங்கள் குழந்தை இருக்கிறது.

வீட்டு வேலையும் கட்டாயம் நடக்க வேண்டுமென்றால், வேறொரு பெரியவர் குழந்தையோடு இருக்கும் நேரத்தை ஒதுக்கி, அதற்குத் தனிச் சம்பளம் பேசுங்கள். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் என்றாலும் சரி. "அப்படியே" என்று மட்டும் வேண்டாம்.

இன்னொன்று, மறந்துவிடப் போகிறேன். சூடு பட்டால் கிச்சாப் வேண்டாம், பற்பசை வேண்டாம், எண்ணெய் வேண்டாம், ஐஸ் வேண்டாம். குழாயைத் திறந்து 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். பிறகு தூக்கிக்கொண்டு வாருங்கள்.

அந்தக் குழந்தை 18-ஆம் மாத ஊசிக்கு வந்தது. இந்த முறையும் இருவரும் வந்திருந்தார்கள். தாய் அரை நாள் லீவு போட்டிருந்தார். மார்பில் தழும்பு இருக்கிறது, கை நன்றாக மடங்குகிறது. வீட்டில் சமையல் யார் என்று கேட்டேன். "நான்தான் மிஸ்ஸி, வந்து குளிச்சிட்டு வைக்கிறேன். ஒன்பது மணி ஆயிடுது சாப்பிட" என்றார் தாய். ஊசி போட்டதும் வீறிட்ட குழந்தை, அம்மாவின் மடியிலிருந்து அக்காவிடம் இரண்டு கையையும் நீட்டியது. தாய் அதைக் கொடுத்துவிட்டு, அடுத்த தேதியை எழுதிக்கொள்ளப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார்.