கராத்தே பெல்ட் ஏன் அவிழ்கிறது?

"என் மகள் கராத்தே வகுப்பு முடிவதற்குள் இரண்டு மூன்று தடவை பெல்ட்டை மறுபடி கட்டுகிறாள். எவ்வளவு இறுக்கினாலும் நிற்பதில்லை. ஏன்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பெரும்பாலும் குறை இறுக்கத்தில் இருக்காது, முடிச்சுப் போட்ட திசையில்தான் இருக்கும்.

முதலில் சட்டை. வலப்பக்கம் உள்ளே, இடப்பக்கம் அதன்மேல். கிமோனோவுக்கும் இதே வழக்கம்தான். ஜப்பானில் இறந்தவர்களுக்கு மட்டும் மாற்றி உடுத்துவார்கள். ஜப்பானின் தெற்கே உள்ள ஒக்கினாவா தீவைச் சேர்ந்த கராத்தே ஆசிரியர் ஃபுனாகோஷி கிச்சின் 1922-இல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்து காட்டினார். ஜூடோவின் சட்டையும் பெல்ட்டும் கராத்தேக்கு வந்தது அதற்குப் பிறகு. பெல்ட்டை இடுப்பில் இரண்டு சுற்று சுற்றி, நுனிகளைச் சமமாக்கி, ஒரு நுனியை எல்லாச் சுற்றுக்கும் அடியில் விட்டு மேலே இழுக்க வேண்டும். இதுவரை பெரும்பாலும் சரியாகவே செய்துவிடுகிறோம்.

அப்புறம்தான் முடிச்சு. அது இரண்டு அரை முடிச்சுகளால் ஆனது. முதல் தடவை இடது நுனி வலதின்மேல் போனால், அடுத்த தடவை வலது நுனி இடதின்மேல் போக வேண்டும். சாரணர்கள் கற்கும் ரீஃப் நாட் இதுதான். இரண்டு தடவையும் ஒரே பக்கமே மேலே போனால் கிரானி நாட் ஆகிவிடும். இரண்டு முடிச்சிலும் பெல்ட் தன்னைத்தானே கடக்கும் இடங்கள் ஆறுதான். துணியும் அதே, இழுப்பதும் அதே கை. ஆனாலும் ஒன்று பிடித்து நிற்கிறது, மற்றது வழுக்கி அவிழ்கிறது! எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

காரணம் முறுக்கு. முடிச்சை இழுக்கும்போது ஒவ்வொரு கடவையிலும் துணி லேசாகச் சுழல முயல்கிறது. இரண்டு பேர் ஈர வேட்டியைப் பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரெதிராக முறுக்கினால் துணி இறுகும். ஒரே திசையில் முறுக்கினால் வேட்டி முழுவதும் சும்மா உருளும். ரீஃப் நாட்டில் அடுத்தடுத்த கடவைகளின் முறுக்கு எதிரெதிராக அமைகிறது, அதனால் உராய்வு கூடிப் பூட்டிக்கொள்கிறது. கிரானி நாட்டில் ஒரே திசை முறுக்கு அதிகம். துணி உருண்டு வழுக்க இடம் கிடைத்துவிடுகிறது. இழுவிசைக்கு ஏற்ப நிறம் மாறும் இழைகளில் முடிச்சுப் போட்டுப் பார்த்து, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் இதைக் கணித விதியாகவே வகுத்தார்கள். முடிச்சை ஆராயவா பணம் செலவழிப்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அறுவை சிகிச்சையில் போடும் தையலும் முடிச்சுதான். இப்படிப்பட்ட ஆய்வுக்கு இன்னும் தாராளமாகவே பணம் கொடுக்கலாம்.

சரி, உங்கள் மகளின் முடிச்சு எந்த வகை? நுனிகளைப் பாருங்கள். இடமும் வலமுமாகப் படுத்திருந்தால் ரீஃப். ஒன்று மேலும் ஒன்று கீழுமாக நீட்டிக்கொண்டிருந்தால் கிரானி. நுனி நீளமும் முக்கியம். ஜூடோ போட்டி விதிப்படி முடிச்சிலிருந்து 20 முதல் 30 செ.மீ. இருக்க வேண்டும்.

புது பெல்ட்டின் விறைப்பும் முடிச்சைத் தளர்த்தும், ஏனென்றால் மடித்த இடம் நிமிரப் பார்க்கும். துவைத்தால் விறைப்பு குறையும். ஆனால் பெல்ட்டைத் துவைத்தால் கற்ற வித்தை போய்விடும் என்று ஒரு நம்பிக்கை பல வகுப்புகளில் இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. துவைப்பதால் போவது வியர்வையும் கிருமியும்தான். ஜூடோ, மல்யுத்தம் பயில்பவர்களிடையே படர்தாமரை பரவுவது மருத்துவர்கள் நன்கு அறிந்த சிக்கல். குளிர்ந்த நீரில் தனியாக அலசி, நன்றாகக் காய்ந்த பிறகு கட்டச் சொல்லுங்கள்.