பினியனை மாற்றும் முன் கொஞ்சம் பொறுங்கள்

வேதியியல் படித்தவன் நூல் மில்லுக்கு வந்தால் சாயப் பிரிவுக்குத்தான் போவான். நானும் அந்த எண்ணத்தில்தான் கோவைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் சேர்ந்தேன். சாயப் பிரிவு இன்னும் கட்டி முடியவில்லை, அதுவரை குவாலிட்டி கன்ட்ரோல் ரூமில் இரு என்றார்கள். சாயப் பிரிவு கடைசிவரை வரவில்லை. நானும் அந்த ரூமை விட்டு நகரவில்லை.

சில மாதிரிகளை அளந்து, புள்ளியியலை வைத்துத் தரத்தைக் கண்காணிக்கும் இந்தத் துறையைத் தொடங்கி வைத்தவர்களும் வேறு எதற்கோ படித்துவிட்டு இங்கே வந்தவர்கள்தான் என்பது பின்னால் தெரிந்தது. டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் 1899இல் வேலைக்குச் சேர்ந்த காசெட், வேதியியல்காரர். நாலைந்து மாதிரிகளை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வி அவருக்கு ஆலையிலேயே வந்தது. 1908இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் அதைப் பற்றி எழுதினார். அளவீடுகளைப் புள்ளிகளாக வைத்து, அவை இயல்பான எல்லைக்குள் ஆடுகின்றனவா என்று பார்க்கும் படம்தான் கன்ட்ரோல் சார்ட். 1924இல் அதை முதலில் வரைந்த ஷூவார்ட், இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். கேம்பிரிட்ஜில் இயற்பியல் படித்துத் திரும்பிய மகலனோபிஸ்தான் 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். ஷூவார்ட்டை 1947–48இல் இந்தியாவுக்கு வரவழைத்ததும் அந்த நிறுவனம்தான்.

சரி, வேலைக்கு வருவோம். நூலை ராப்பிங் ரீலில் 120 கஜம் சுற்றினால் ஒரு லீ. அதன் எடை எத்தனை கிராமோ, அதால் 64.8ஐ வகுத்தால் கவுன்ட், அதாவது நூலின் நம்பர் வந்துவிடும். நம்பர் கூடினால் நூல் மெல்லியது. 40ஆம் நம்பர் நூல் என்றால் எடை 1.62 கிராம். இதில் 0.02 கிராம் கூடினாலோ குறைந்தாலோ அரை கவுன்ட் நகர்ந்துவிடும். தராசுக்கு மேலே ஃபேன் ஓடக்கூடாது, ரூமில் ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கவேண்டும் என்று நாங்கள் சண்டை போடுவது இதற்காகத்தான். பஞ்சு ஈரத்தை இழுக்கும். மழை நாளில் காப்பை (மெஷினில் நூல் சுற்றி வரும் குழல்) கொண்டுவந்து உடனே சோதித்தால் நூல் முரடாகிவிட்டதாகக் காட்டும்.

பெரிய தொல்லை தராசில் இல்லை, அவசரத்தில் இருக்கிறது. 4 காப் எடுத்துச் சோதிக்கிறோம், சராசரி 40.6 வருகிறது. "நைசா ஓடுது, பினியனை மாத்து" என்று சத்தம் கேட்கும். பினியன் என்பது நூல் எவ்வளவு மெல்லியதாக வரவேண்டும் என்பதை மாற்றும் பல் சக்கரம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு லீயின் கவுன்ட்டும் இயல்பாகவே 0.8 அளவு திட்ட விலக்கத்தோடு ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 4 லீயின் சராசரிக்கு அது பாதியாகி 0.4 ஆகும். 40இலிருந்து இரு பக்கமும் அந்த விலக்கத்தின் மூன்று மடங்கு, அதாவது மூன்று சிக்மா எல்லை, 38.8இலிருந்து 41.2 வரை. 40.6 அதற்குள்ளேயே அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் 50 பல் பினியனில் ஒரு பல்லை மாற்றினால் கவுன்ட் 2 சதவீதம், அதாவது 0.8 நகரும். இல்லாத 0.6ஐத் திருத்தப் போய், நிஜமாகவே 0.8 கோளாறை மெஷினில் ஏற்றிவிடுகிறோம். அடுத்த ஷிஃப்ட்காரர் அதை வேறு பக்கம் திருத்துவார்.

நிலையாக ஓடுகிற மெஷினை ஒவ்வொரு ரீடிங்குக்கும் அது காட்டும் அளவுக்குச் சரிசெய்துகொண்டே போனால், ஏற்ற இறக்கம் சுமார் 41 சதவீதம் கூடும். டெமிங் என்ற அமெரிக்கர் புனலும் கோலிக்குண்டும் வைத்து இதைப் பாடமாகவே செய்து காட்டினார். அவரும் இயற்பியல்காரர்தான், கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள்.

இன்னொன்று: வாடிக்கையாளர் கேட்கிற டாலரன்ஸ் கோட்டைக் கன்ட்ரோல் சார்ட்டில் வரைந்து வைத்திருக்கிற மில்கள் இன்னும் உண்டு. டாலரன்ஸ் வாடிக்கையாளரின் தேவை. கன்ட்ரோல் எல்லை மெஷின் தானாகச் சொல்வது. இரண்டும் சேராது. அப்புறம், புள்ளிகள் எல்லாம் நடுக்கோட்டை ஒட்டியே போகிற அழகான சார்ட்டைக் கண்டால் சந்தேகப்படுங்கள். இயல்பான ஓட்டத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு புள்ளிகள் நடுக்கோட்டிலிருந்து ஒரு சிக்மா தாண்டி விழும். விழவில்லையென்றால் ஷிஃப்ட் முடிவில் டீயோடு உட்கார்ந்து எழுதியதாக இருக்கலாம். ஆடிட்டருக்கு அது பிடிக்கும், நூலுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

புள்ளி நிஜமாகவே எல்லைக்கு வெளியே விழுந்தால் பினியனிடம் போகாமல் காரணத்தைத் தேடுங்கள். பஞ்சுக் கயிறுகளைச் சேர்த்து இழுக்கும் கடைசி டிரா ஃப்ரேமில் எட்டு சிலைவரில் (முறுக்காத பஞ்சுக் கயிறு) ஒன்று அறுந்து, அறுந்தால் மெஷினை நிறுத்தவேண்டிய ஸ்டாப் மோஷனும் வேலை செய்யவில்லையென்றால் எடை 12.5 சதவீதம் போய்விடும். 40ஆம் நம்பர் 45ஐத் தாண்டும். வேறு கவுன்ட் பாபின் கலந்திருக்கலாம். இதையெல்லாம் எந்தப் பல் சக்கரமும் சரிசெய்யாது.

பினியனை மாற்றுவதற்கு முன் அதே ஃப்ரேமின் இரண்டு பக்கத்திலிருந்தும் வேறு காப்புகள் எடுத்து இரண்டாவது செட் சோதித்து எழுதவேண்டும், அதற்குப் பிறகுதான் ஃபிட்டரைக் கூப்பிடவேண்டும் என்று எங்கள் மில்லில் ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். மேஸ்திரிகள் முதலில் முணுமுணுத்தார்கள். பெரும்பாலும் இரண்டாவது செட்டிலேயே கவுன்ட் தானாகத் திரும்பி வந்துவிடும். ஃபிட்டருக்கு வேலையே இருக்காது.