ரப்பர் மனிதனின் பனியன்

கோபியிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஃபென்டாஸ்டிக் ஃபோர் கதையில் ரீட் ரிச்சர்ட்ஸ் உடம்பை ரப்பர் மாதிரி இழுக்கிறார். உடையும் கூடவே நீள்கிறது, கிழியாமல் பழையபடி ஆகிவிடுகிறது. அந்த மாதிரித் துணியைத் திருப்பூரில் செய்ய முடியுமா?"

பாதி முடியும். தினமும் செய்துகொண்டும் இருக்கிறார்கள்.

அந்த நால்வர் 1961இல் காமிக்ஸில் வந்தார்கள். ஒருவர் நீள்வார், ஒருவர் மறைவார், ஒருவர் தீப்பிழம்பாவார். போட்டவரின் உடம்பு என்ன ஆகிறதோ அதுவாகவே உடையும் ஆக வேண்டும். இதற்குக் கதையில் சொல்லும் காரணம் 'நிலையற்ற மூலக்கூறுகள்'. வேதியியலில் நிலையற்ற மூலக்கூறு என்றால் நைட்ரோகிளிசரின் மாதிரி ஆசாமி. அதில் சட்டை தைத்தால் வில்லனே தேவைப்படாது.

சரி, நிஜத்துக்கு வருவோம். தறித்துணியில் பாவும் ஊடையும், அதாவது நெடுக்கு நூலும் குறுக்கு நூலும், நேராக ஓடுவதால் அது அதிகம் நீளாது. பனியன் துணியில் நூல் வளைந்து வளைந்து லூப்பாகக் கோத்திருக்கிறது. இழுத்தால் லூப் உருமாறி இடம் கொடுக்கும். ஆனால் வெறும் காட்டன் நீண்டால் முழுசாகத் திரும்பாது. நாலு நாள் போட்ட டிராக் பேண்ட்டின் முட்டியைப் பார்த்தாலே தெரியும். திரும்ப இழுத்து வர ஒரு ஆள் வேண்டும். அவர்தான் லைக்ரா. அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் 1958இல் உருவாக்கிய இழை, தன் நீளத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் நீண்டு திரும்பும். துணியில் 95 பங்கு காட்டனுக்கு 5 பங்கு லைக்ரா இருந்தாலே போதும்.

எதற்காகத் திரும்புகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இரும்பு ஸ்பிரிங்கை இழுத்தால் அணுக்களுக்கு இடையிலான பிணைப்புகள் விறைக்கின்றன. அந்த விறைப்புதான் திரும்ப இழுக்கிறது. லைக்ராவிலும் ரப்பரிலும் கதையே வேறு. உள்ளே நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள், தட்டில் பிழிந்த சந்தகை போல ஒன்றோடொன்று சிக்கிச் சுருண்டு கிடக்கின்றன. வெப்பத்தால் அவை ஓயாமல் நெளிகின்றன. ஒரு சங்கிலி சுருண்டு கிடக்கக் கோடிக்கணக்கான விதங்கள் உண்டு. நேராக நிற்க ஏறக்குறைய ஒரே விதம்தான். இழுத்து நேராக்கிய பிறகு கையை விட்டால், நெளிய நெளிய அது சுருண்ட நிலைக்கே போய்ச் சேரும். யாரும் அதை இழுக்கவில்லை. வாய்ப்புக் கணக்கு அப்படி. லைக்ராவின் சங்கிலியில் இடையிடையே கடினமான துண்டுகளும் உண்டு. அவை பக்கத்துச் சங்கிலியின் கடினத் துண்டுகளோடு சேர்ந்து பிடித்துக்கொள்வதால் சங்கிலிகள் வழுக்கி ஓடிவிடுவதில்லை.

நம்பிக்கை வரவில்லையா? அகலமான ரப்பர் பேண்டை மேல் உதட்டில் வைத்துச் சட்டென்று இழுங்கள். வெதுவெதுப்பு தெரியும். இழுத்தபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகு சுருங்கவிட்டு உதட்டில் வையுங்கள்; சில்லென்று இருக்கும். கண் பார்வையற்ற ஜான் கஃப் என்ற ஆங்கிலேயர் 1805இலேயே இதை எழுதிவைத்தார். இன்னொரு வேடிக்கை: எடை கட்டித் தொங்கவிட்ட ரப்பரைச் சூடாக்கினால் அது நீளாது, சுருங்கும். நெளிவு கூடினால் சுருளும் வேகமும் கூடத்தானே செய்யும்!

கட்டிங் மாஸ்டர்களுக்கு இந்தக் கணக்கு கைப்பழக்கத்திலேயே தெரியும். லைக்ரா துணி ரோலைப் பிரித்தவுடன் வெட்டமாட்டார்கள். விரித்துப்போட்டு ஓய்வெடுக்க விடுவார்கள். ரோலில் சுற்றும்போது வாங்கிய இழுவை தீராமல் வெட்டினால், தைத்த பிறகு எல் சைஸ் எம் ஆகிவிடும்.

மூட்டுவலிக்குக் காந்த பனியன், அயனி பனியன் என்று விற்கிறவர்கள் கையில் 'நிலையற்ற மூலக்கூறு' சிக்காதது நம் அதிர்ஷ்டம். காமிக்ஸ்காரர்களாவது கதை என்று சொல்லி விற்றார்கள். துணியை முறையாகச் சோதித்துப் பார்க்க, கோவையில் 1956 முதல் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2020 கொரோனா சமயத்தில் கவச உடைத் துணியில் செயற்கை ரத்தம் ஊடுருவுகிறதா என்று சோதித்தது அங்கேதான். அப்படிப்பட்ட ஆய்வுக்கூடங்களுக்குப் பணம் ஒதுக்க மட்டும் நமக்குக் கை வருவதில்லை.

முடியாத மீதிப் பாதி இது: சங்கிலி முழுசாக நேரான பிறகும் இழுத்தால் பிணைப்பே அறும். அதனால் ரீட் தன் கையைத் தெருவின் மறுமுனை வரை நீட்டினால் சட்டைக்கை பாதி வழியிலேயே நின்றுவிடும். தீப்பிழம்பாகும் தம்பிக்கு லைக்ரா ஆகவே ஆகாது, தீயணைப்பு வீரர்கள் போடும் நோமெக்ஸ்தான் கொடுக்க வேண்டும். தையலும் முக்கியம். சாதாரண நேர்த்தையல் துணியோடு சேர்ந்து நீளாமல் பட்டென்று அறுந்துவிடும். ஓவர்லாக், பிளாட்லாக் தையலில் நூல் தாராளமாக ஓடுவதால் தாங்கும். அப்புறம் ஒன்று, அந்த உடையைக் குளோரின் பிளீச்சில் மட்டும் ஊறவைக்கக் கூடாது. லைக்ரா இழை அதில் அரித்துப்போகும்.