மேகத்துக்கு அடியில் காற்று சுழல்கிறதா?

‘ஃபெஞ்சல்’ புயலாகும் என்று வானிலைத் துறையினர் முதலில் சொன்னார்கள்; பிறகு, புயலாகாமல் தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கும் என்றார்கள்; 2024 நவம்பர் 29 அன்று புயல் என்றே அறிவித்தார்கள். கடலுக்கு மேலே இத்தனை செயற்கைக்கோள்கள் இருந்தும் ஏன் இந்தத் தடுமாற்றம் என்று கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

வெதுவெதுப்பான கடலிலிருந்து எழும் நீராவி மேலே குளிர்ந்து வெப்பத்தை வெளிவிடுவதும், அதனால் கீழே காற்றழுத்தம் குறைவதும், சுற்றியுள்ள காற்று அங்கே விரைவதும், புவியின் சுழற்சி அக்காற்றை நம் அரைக்கோளத்தில் இடஞ்சுழியாகத் திருப்புவதும் பள்ளிப் பாடத்தில் உள்ளவையே. சுழலும் காற்றின் வேகம் மணிக்கு 31 கி.மீ.யைத் தொட்டால் தாழ்வு மண்டலம், 50 ஆனால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 ஆனால் புயல்.

அந்த வேகத்தை நடுக்கடலில் அளப்பதுதான் கடினம். இன்சாட் செயற்கைக்கோள்கள் அரை மணிக்கொரு படம் அனுப்பினாலும், அவை காட்டுவது மேகங்களின் உச்சியை மட்டுமே. முதிர்ந்த புயலில் மேக வடிவத்தைக் கொண்டே வலிமையை ஓரளவு கணித்துவிடலாம். இளம் நிலையிலோ, மேலடுக்குக் காற்று மேகத்தை ஒரு பக்கமாகத் தள்ளிவிட, சுழற்சியின் மையம் வேறிடத்தில் இருக்கும். கீழே காற்று முழு வட்டமாகச் சுழல்கிறதா என்பதே ஐயமாகிவிடும்.

அந்த ஐயத்தைத் தீர்ப்பது கடற்பரப்பின் சிற்றலைகள் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. காற்று விழுந்த இடத்தில் தண்ணீர் சிலிர்த்து, கருத்துத் தெரிவதைக் கட்டுமரக்காரர்கள் அறிவார்கள். அந்தச் சிலிர்ப்பைத்தான் சுமார் 740 கி.மீ. உயரத்திலிருந்து இந்தியச் செயற்கைக்கோளான ஓசன்சாட்-3இன் ஸ்கேட்டரோமீட்டர் என்னும் கருவி படிக்கிறது. அது சுமார் 2 செ.மீ. அலைநீளமுள்ள நுண்ணலைகளைச் சாய்வாகக் கடல்மீது பாய்ச்சுகிறது. பேரலைகளை விட்டுவிட்டு, ஏறத்தாழ ஒன்றரை செ.மீ. இடைவெளியுள்ள சிற்றலைகளையே அது தேர்ந்து பிடிக்கிறது. அடுத்தடுத்த சிற்றலைகளிலிருந்து திரும்பும் எதிரொலிகள் முகடோடு முகடு பொருந்திச் சேர்ந்து ஒன்றையொன்று வலுப்படுத்துவது அந்த இடைவெளியில்தான். காற்று வலுக்க வலுக்கச் சிற்றலைகள் உயர்ந்து, எதிரொலியும் ஓங்குகிறது. காற்றின் திசை வழியே பார்க்கும்போது வலுவாகவும், குறுக்கே பார்க்கும்போது மெலிந்தும் அது வருவதால், ஒரே இடத்தைப் பல கோணங்களில் பார்த்துத் திசையையும் கணிக்கிறார்கள். கிடைப்பது அம்புக்குறிகள் நிறைந்த வரைபடம். வடகிழக்குப் பருவத்தில் வங்கக் கடலெங்கும் கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் காற்று வீசுவது வழக்கம். ஆகையால் சுழற்சியின் தென்புறத்தில் மேற்கிலிருந்து வீசும் அம்புகள் தெரிகின்றனவா என்றே வானிலையாளர் தேடுவார். அவை தெரிந்தால் வட்டம் மூடிவிட்டது என்று பொருள்.

இக்கருவிக்கும் எல்லைகள் உண்டு. கனமழை சிற்றலைகளைக் குலைத்து அளவைப் பிழையாக்கும். மேலும், செயற்கைக்கோள் மணிக்கு மணி அதே இடத்துக்குத் திரும்புவதில்லை. இடைவெளியை நிரப்ப, தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் மிதவைகளும், கரையை நெருங்கியபின் காரைக்கால், சென்னை ரேடார்களும் இருக்கின்றன. 62 கி.மீ. எல்லையின் அருகே தயங்கும் ஒரு சுழற்சிக்குப் புதிய அளவீடு ஒன்று வந்தாலே பெயர் மாறக்கூடும். அதைத் தடுமாற்றம் என்று நான் சொல்லமாட்டேன்.

வருந்த வேண்டியது வேறொன்று. ‘தானே’ புயல் கடலூரைச் சூறையாடிய 2011இல் ஓசன்சாட்-2 பணியில் இருந்தது. அதன் ஸ்கேட்டரோமீட்டர் 2014இல் நின்றபின், 2016 செப்டம்பரில் ஸ்கேட்சாட்-1 ஏறும்வரை நமக்கென்று அத்தகைய கருவி விண்ணில் இல்லை. ஐரோப்பியச் செயற்கைக்கோளை நம்பியிருந்தோம். ஒன்று பணியில் இருக்கும்போதே அடுத்ததற்கு நிதி ஒதுக்குவது கரையோர மக்களுக்கு அரசு செய்ய வேண்டிய கடமை.

வாசகர் இன்னொன்றையும் கருத வேண்டும். ‘புயல்’ என்ற தகுதி காற்றின் வேகத்துக்கு மட்டுமே உரியது. மழை அதில் கணக்கில்லை. புயல்களின் வேக வரிசையில் மிகக் கீழ்ப்படியில் இருந்த ஃபெஞ்சல், புதுச்சேரி அருகே நகராமல் நின்றதால், அங்கு ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியது. துறைமுகத்தில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டோடு, மாவட்டவாரியாக வரும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு மழை எச்சரிக்கைகளையும் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.